எல்லா வண்டிக்கும் ஓர் ஆயில் இல்லை

விருதுநகர்ச் சந்தை நிலவரம் நாளிதழ்களில் வரும்போது ‘எண்ணெய்’ என்று ஒற்றை வரியில் விலை போடுவதில்லை. கடலை எண்ணெய் தனி, நல்லெண்ணெய் தனி, பாமாயில் தனி. 15 கிலோ டின் இன்ன விலை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகவே அச்சாகும். எள்ளின் நெய் என்பதால் பிறந்த சொல் எண்ணெய். நாளடைவில் அது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. பெயர் பொதுவானதே தவிர, பயன் பொதுவாகவில்லை. விளக்கெண்ணெயில் யாரும் தோசை வார்ப்பதில்லை. எண்ணெய் மண்டிகளால் பேர்பெற்ற இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், அடுப்படியில் எண்ணெயாக இருப்பது ஒர்க்‌ஷாப்பில் ஆயிலாக மாறியதும் அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது. காரின் கியர் பாக்ஸுக்கு ஆயில் மாற்றப் போகிறவர், ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்று எழுதிய டின்னை மறுகேள்வி கேட்காமல் வாங்கி ஊற்றச் சொல்லிவிடுகிறார். பல ஆயிரம் ரூபாய் கடன் தவணை கட்டி வாங்கிய காரின் ஆயுளை அந்த ஒரு டின் தீர்மானிக்கக்கூடும் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, விஜயகரிசல்குளம் வட்டாரச் சாலைகளில் நேற்றுவரை ஓடியவை பெரும்பாலும் கையால் கியர் போடும் வண்டிகள். பட்டாசுப் பெட்டி ஏற்றும் குட்டியானையும், ஆலைக்கு ஆள் ஏற்றும் வேனும் இன்றும் அப்படித்தான். அவற்றின் கியர் பாக்ஸ் அவ்வளவு சட்டென்று கோபித்துக்கொள்ளாது. ஆனால், 2014இல் மாருதியின் செலேரியோ குறைந்த விலையில் தானியங்கி கியரைக் கொண்டுவந்த பிறகு, கிளட்ச் மிதி இல்லாத கார்கள் சிற்றூர்களுக்கும் வந்துசேர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ‘ஆட்டோமேட்டிக்’தான். உள்ளே குறைந்தது நான்கு வகை இயந்திரங்கள் உண்டு: மேனுவல் கியர் பாக்ஸுக்கு இயந்திரக் கை பொருத்திய ஏ.எம்.டி., டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய வழித் தானியங்கி, எஃகுப் பட்டையில் ஓடும் சி.வி.டி., இரட்டைக் கிளட்ச் உள்ள டி.சி.டி. கம்பெனியின் சர்வீஸ் நிலையம் வேண்டுமென்றால் சிவகாசிக்கோ ராஜபாளையத்துக்கோ மதுரைக்கோ போக வேண்டும். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இருப்பது பொது ஆயில். இதில் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: டின்னில் எந்த நிறுவனத்தின் பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம்; ஆனால், உங்கள் காரைச் செய்தவர் கேட்ட தரக்குறியீடு அதில் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத ‘பொது’ ஆயிலைத் தானியங்கி கியர் பாக்ஸில் ஊற்றக் கூடாது.

இந்த முடிவுக்கான காரணம் ஆயிலின் வேலையில் இருக்கிறது. ஆயில் என்றால் வழுக்க வைப்பது, தேய்மானத்தைக் குறைப்பது என்றே நாம் நினைக்கிறோம். என்ஜின் ஆயிலுக்கு அது பெருமளவு பொருந்தும். தானியங்கி கியர் பாக்ஸின் ஆயிலுக்கு வேலை அதிகம். அழுத்தத்தைக் கடத்தி வால்வுகளையும் பிஸ்டன்களையும் இயக்குவது அதுதான். சூட்டை அள்ளிக்கொண்டு போய்க் குளிர்விப்பானில் இறக்குவதும், பற்சக்கரங்களைத் தேயாமல் காப்பதும் அதுவே. இவற்றோடு, ஆயிலில் மூழ்கியபடியே ஒன்றையொன்று பிடிக்கும் கிளட்ச் தகடுகளுக்குத் தேவையான உராய்வைச் சரியான அளவில் கொடுக்கவும் வேண்டும். உராய்வு அளவுக்கு மிஞ்சினால் கியர் மாறும்போது வண்டி குலுங்கும். குறைந்தால் தகடு வழுக்கிச் சூடேறிக் கருகும். டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் உண்டு. சீரான வேகத்தில் போகும்போது அது மெல்லப் பூட்டிக்கொள்ளும். அதற்கு ஒவ்வாத ஆயில் கிடைத்தால், சின்னச் சின்ன மேடுகளின் மேல் ஓடுவதுபோல வண்டி நடுங்கத் தொடங்கும். ஆகவே, கியர் பாக்ஸ் வடிவமைப்பாளருக்கு ஆயிலும் ஓர் உதிரிபாகம்தான். தகட்டின் பொருள், வில்லின் பலம், கணினியின் கணக்கு எல்லாம் அந்த ஆயிலின் உராய்வை மனத்தில் வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன.

உராய்வு என்ற சொல் வெம்பக்கோட்டைக்காரர்களின் காதில் வேறு விதமாக விழும். ‘மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக’ என்று தொடங்கும் பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளைப் படித்துப் படித்து நொந்த மண் இது. அந்தத் துயரத்தோடு ஒரு காரின் பழுதை ஒரே தராசில் வைக்க முடியாது. கியர் பாக்ஸ் கெட்டால் போவது பணம்; அங்கே போவது உயிர். ஆனால், இங்கு வேலை செய்கிறவர்கள் அன்றாடம் அறிந்த ஓர் உண்மை இரண்டுக்கும் பொது: தனியே இருக்கும்போது ஒரு பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து, இன்னொன்றோடு சேரும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்று முடிவு கட்டக் கூடாது. குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால் சிறு உராய்வும் தீயாகும் என்பதால்தான், அந்தக் கலவை கொண்ட வெடிபொருளை 1992இல் மத்திய அரசு தடை செய்தது. கந்தகம் நல்லதா கெட்டதா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. எதனோடு சேர்கிறது என்றுதான் கேட்டார்கள். கியர் பாக்ஸ் ஆயிலையும் அப்படித்தான் கேட்க வேண்டும். ‘இது நல்ல ஆயிலா?’ என்பது அரைக் கேள்வி. ‘இந்தத் தகட்டுக்கும் இந்தப் பட்டைக்கும் இது சேருமா?’ என்பதே முழுக் கேள்வி.

இந்தக் கேள்வியின் வரலாறு நீண்டது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ‘ஹைட்ரா-மேட்டிக்’ என்ற தானியங்கி கியரை 1940ஆம் ஆண்டின் மாடல் கார்களில் கொண்டுவந்தது. அதற்கென ‘டைப் ஏ’ என்ற ஆயில் தரத்தை 1949இல் வகுத்தது. பின்னர் அது ‘டெக்ஸ்ரான்’ வரிசையாக வளர்ந்தது. 1960களில் ஃபோர்டு நிறுவனம் ‘டைப் எஃப்’ என்று தனக்கென ஓர் ஆயிலை வைத்துக்கொண்டது. இரண்டும் தரமான ஆயில்களே. ஆனால், மெல்லப் பிடித்து மென்மையாகக் கியர் மாற வேண்டும் என்று டெக்ஸ்ரானில் உராய்வைத் தணிக்கும் சேர்மங்களைக் கலந்தார்கள். சட்டென்று இறுகப் பிடிக்க வேண்டும் என்று டைப் எஃப் ஆயிலில் அவற்றைத் தவிர்த்தார்கள். ஒன்று வேண்டும் என்றதை மற்றது வேண்டாம் என்றது. உராய்வைத் தணிக்கும் அந்தச் சேர்மமாக அன்று பயன்பட்டது திமிங்கில எண்ணெய். திமிங்கிலங்களைக் காக்க 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை கொண்டுவந்ததும் மாற்றுப் பொருள் தேட வேண்டியதாயிற்று. மாற்றுப் பொருளோடு வந்த முதல் டெக்ஸ்ரான்-2 வகை, குளிர்விப்பானில் அரிப்பை உண்டாக்கியதால் மறுபடியும் திருத்தப்பட்டது. ஆயிலின் மிகச் சிறிய பங்காக இருக்கும் ஒரு பொருளை மாற்றியதற்கே இவ்வளவு பாடு.

அந்தக் காலத்தில் இரண்டு கட்சிகள். இன்று கட்சிகள் பல. டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ்., ஹோண்டாவின் சி.வி.டி.க்கு எச்.சி.எஃப்.-2, நிசானின் சி.வி.டி.க்கு என்.எஸ்.-3, ஹூண்டாய்க்கு எஸ்.பி.-4 என்று குறியீடுகள் பெருகிவிட்டன. இவை வெறும் வியாபாரப் பெயர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதைக் காட்டும் பாகுத்தன்மையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழைய டெக்ஸ்ரான்-3 ஆயில்களில் அது 100 டிகிரி செல்சியஸில் சுமார் 7 முதல் 7.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும். 2005இல் வந்த டெக்ஸ்ரான்-6 ஆயிலில் அது 6.4க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எரிபொருளை மிச்சப்படுத்தப் புதிய கியர் பாக்ஸ்கள் மெல்லிய ஆயிலைக் கேட்கின்றன. ஒரே டின் ஒரே நேரத்தில் 7.5ஆகவும் 6.4க்குக் குறைவாகவும் இருக்க முடியாது. சி.வி.டி.யில் முரண் இன்னும் கூர்மையாகிறது. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. இரும்பும் இரும்பும் ஆயிலுக்கு நடுவே ஒன்றையொன்று வழுக்காமல் பற்றிக்கொள்ள வேண்டும். தேய விடாத ஆயில்தான் வழுக்கவும் விடாமல் இருக்க வேண்டும். சாதாரணத் தானியங்கி கியரின் சிவப்பு ஆயிலை அங்கே ஊற்றினால் பட்டை வழுக்கும், கப்பியில் கீறல் விழும், இரும்புத் துகள் ஆயிலில் கலந்து வால்வுகளுக்குள் போகும். பல நேரங்களில் மொத்தப் பெட்டியையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது. ‘அனைத்துக்கும் பொது’ என்பது இந்த எதிரெதிர் தேவைகளுக்கு நடுவே எடுத்த ஒரு சமரசம் மட்டுமே. அந்தச் சமரசம் உங்கள் காரின் பக்கம் நிற்கிறதா, அடுத்தவர் காரின் பக்கம் நிற்கிறதா என்பது டின்னின் முன்பக்கத்தில் எழுதியிருக்காது.

லேபிளைப் படிப்பது எப்படி என்று சிவகாசி வட்டாரத்துக்குச் சொல்லித்தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல. நாட்டின் லேபிள்களிலும் காலண்டர்களிலும் பெரும்பங்கு அச்சாகும் ஊர் அது. முன்பக்கப் பெரிய எழுத்து விற்பதற்கு, பின்பக்கச் சிறிய எழுத்து பொறுப்பேற்பதற்கு என்பது அச்சகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். ஆயில் டின்னின் பின்பக்கத்தில் மூன்று விதமான வாசகங்கள் இருக்கும். ‘அங்கீகரிக்கப்பட்டது’ அல்லது ‘உரிமம் பெற்றது’ என்றால், கார் நிறுவனம் அந்த ஆயிலைச் சோதித்து ஒப்புதல் தந்திருக்கிறது என்று பொருள். டெக்ஸ்ரான்-6 போன்றவற்றில் உரிம எண்ணே அச்சிடப்பட்டிருக்கும். ‘தரத்தைப் பூர்த்தி செய்கிறது’ என்றால், ஆயில் தயாரித்தவர் தாமே சோதித்துத் தாமே சொல்கிறார். ‘இந்த வண்டிகளில் பயன்படுத்த ஏற்றது’ என்றால், அது பரிந்துரை மட்டுமே. கார் நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பொது ஆயில்களின் நீண்ட பட்டியல்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. பேர்பெற்ற நிறுவனங்கள் சோதிக்காமல் பட்டியல் போடுவதில்லை. ஆனால், பழுது வந்தால் அந்த வாசகத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மூன்றும் மூன்று விடை தருகின்றன. வாங்குகிறவர் அதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

முதல் மறுப்பு விலையைப் பற்றியதாக இருக்கும், அது நியாயமானதும்கூட. பட்டாசுத் தொழிலை நம்பிய ஊர்களில் வருமானம் சீசனைப் பொறுத்தது. கையில் காசு குறையும்போது மலிவானதைத் தேடுவதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிர்ணயித்த ஆயிலுக்கும் பொது ஆயிலுக்கும் ஒருமுறை மாற்றுவதில் 2,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும் வண்டி என்றால், அந்த வித்தியாசம் கிலோமீட்டருக்கு 5 காசு. டயரில் காற்றுக் குறைவாக ஓட்டினாலே அதைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் செலவாகிவிடும். மறுபக்கம், சி.வி.டி. அல்லது இரட்டைக் கிளட்ச் பெட்டி கெட்டால் செலவு லட்சத்தைத் தொடும். வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு வண்டி நின்ற நாள்களின் வருமானமும் சேர்ந்து போகும். வசதி உள்ளவர் ஒரு பெட்டியை இழந்தாலும் தாங்கிக்கொள்வார். தவணை கட்டுகிறவருக்குத்தான் அந்த இடி பெரிது. எனவே, குறைந்த வருமானம் உள்ளவர் பொது ஆயிலுக்குப் போகலாம் என்று சொல்வது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. அவர் தலையில்தான் அபாயம் அதிகமாக ஏற்றப்படுகிறது.

அடுத்த மறுப்பு, ‘என் வண்டியில் பொது ஆயில்தான் ஊற்றினேன்; இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை’ என்பது. சொல்கிறவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால், அவர் காண்பது முழுக் காட்சி இல்லை. பல தானியங்கிப் பெட்டிகளில் அடிப்பக்கத் திருகைக் கழற்றி ஆயிலை வடித்தால் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் தங்கிவிடும். முதல் முறை பொது ஆயில் ஊற்றும்போது அது பழைய ஆயிலோடு கலந்து, பழையதன் குணத்தாலேயே கொஞ்சகாலம் ஓடுகிறது. கிளட்ச் தகடு கண்ணாடிபோல வழவழப்பாவதும், பட்டை நுண்ணளவில் வழுக்குவதும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகே கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கலாம். அப்போது வாங்கியவரிடம் ‘அதிகம் ஓடிய வண்டி, அதனால்தான்’ என்பார்கள். காரணமும் விளைவும் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் விஷயத்தில், தனி ஒருவரின் அனுபவத்தைவிடப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்த தரக்குறியீடு நம்பத் தகுந்தது. ஒன்றும் ஆகாதவர்கள் பேசுகிறார்கள். பெட்டி போனவருக்கோ அது ஆயிலால் போனது என்பதே தெரிவதில்லை.

‘கார் கம்பெனிக்கு ஆயில் கிணறா இருக்கிறது? அவர்கள் டின்னில் இருப்பதும் ஏதோ ஓர் ஆயில் நிறுவனம் கலந்து கொடுத்ததுதானே’ என்று சிலர் கேட்பார்கள். அதுவும் உண்மைதான். கார் நிறுவனத்தின் பெயரில் விற்கும் ஆயிலை ஆயில் நிறுவனங்களே தயாரித்துத் தருகின்றன; அதில் சேரும் சேர்மங்களை உலகெங்கும் ஒருசில நிறுவனங்களே வழங்குகின்றன. ஆனால், ஒரே ஆலையிலிருந்து வருவதால் ஒரே பொருளாகிவிடாது. ஒரே பட்டாசு ஆலையில் கம்பி மத்தாப்பும் சரவெடியும் செய்கிறார்கள். ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே வந்தவை என்பதற்காகச் சரவெடியை யாரும் குழந்தையின் கையில் கொடுப்பதில்லை. இந்த மறுப்பு உண்மையில் என் வாதத்துக்கே துணை நிற்கிறது. கார் நிறுவனத்தின் பெயர் ஒட்டிய டின்தான் வேண்டும் என்பதில்லை, அந்தக் குறியீட்டுக்கென்று செய்யப்பட்ட ஆயில் எங்கே கிடைத்தாலும் போதும் என்பதை அது மெய்ப்பிக்கிறது. பொதுத்துறை ஆயில் நிறுவனமோ தனியார் நிறுவனமோ அந்தக் குறியீட்டுக்கு ஒப்புதல் பெற்ற ஆயிலைக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம்.

கார் நிறுவனமே தவறு செய்யாதா என்றும் கேட்கலாம். செய்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் தன் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியில் முதலில் சிந்தெடிக் ஆயிலைத்தான் நிர்ணயித்திருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று ஓடும் போக்குவரத்தில், அந்த ஆயிலால் பெட்டியின் மின்னணுப் பகுதியில் கோளாறு வரக்கூடும் என்று பின்னர் தெரிந்தது. 2013 நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, சிந்தெடிக் ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயிலை ஊற்றிக் கொடுத்தது. கரிசல் மண்ணின் சித்திரை, வைகாசி வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தச் சம்பவத்தைக் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் தேறியது வெயில் நாட்டில் தேறாமல் போகலாம் என்பது இதன் ஒரு பாடம். இன்னொரு பாடமும் உண்டு. விலை உயர்ந்த சிந்தெடிக்தான் எப்போதும் மேல் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்தது. ஆயிலை மாற்றச் சொன்ன முடிவும் சோதனைக்குப் பிறகு, எந்தப் பெட்டி, எந்த ஆயில் என்று பெயர் சொல்லியே வந்தது. யாரும் ‘பொதுவான ஆயில் எதையாவது ஊற்றுங்கள்’ என்று சொல்லவில்லை. தவறு நடந்தபோது பொறுப்பேற்று 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க ஒருவர் இருந்தார். பொது ஆயிலால் தவறு நடந்தால் யாரை அழைப்பது?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ‘எங்கள் ஆயிலையே வாங்கு’ என்று கார் நிறுவனங்கள் சொல்வது லாபத்துக்காகவும்தானே என்பது அது. இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாகக் கூறி, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால், அந்த உத்தரவில் சொல்லப்பட்ட ஒரு கருத்தை ஒவ்வொரு கார் உரிமையாளரும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது: வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொத்தாம்பொதுவான நிபந்தனை கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கே வாரண்டியை மறுக்கலாம். ஆக, தாயில்பட்டி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றுவது குற்றமாகாது. தவறான ஆயிலை ஊற்றுவதுதான் உங்கள் உரிமையைப் பறிகொடுக்க வைக்கும். சரியான குறியீடு உள்ள ஆயிலின் ரசீதைக் கையில் வைத்திருக்கிறவருக்கு அந்தக் கருத்து துணை நிற்கும். ஏகபோகத்தை எதிர்ப்பதற்கு மருந்து தரக்குறியீட்டைப் புறக்கணிப்பதில் இல்லை. அந்தக் குறியீட்டுக்கு ஆயில் செய்யும் வாய்ப்பைப் பலருக்கும் திறந்துவிடச் செய்வதில்தான் இருக்கிறது.

பொது ஆயிலுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. கையால் கியர் போடும் பெட்டிக்கு ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரவரிசையும், 75டபிள்யூ-80 போன்ற பாகுத்தன்மை எண்ணும் பொது மொழியாக இருக்கின்றன. கையேடு ஜி.எல்.-4 என்று சொன்னால், எந்த நல்ல நிறுவனத்தின் ஜி.எல்.-4 ஆயிலையும் ஊற்றலாம். ஆனால் ‘5 பெரியது, அதனால் நல்லது’ என்று ஜி.எல்.-5 ஊற்றக் கூடாது. அதில் கூடுதலாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கியர் விழுவதும் கடினமாகும். ஏ.எம்.டி. கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பது மேனுவல் பெட்டி என்பதால், ‘ஆட்டோமேட்டிக்’ என்ற சொல்லைக் கேட்டுச் சிவப்பு ஆயிலை ஊற்றினால் அது தவறு. ஹைட்ராலிக் முறையில் இயங்கும் இயந்திரக் கைக்குத் தனி எண்ணெய் உண்டு. அதற்குத் தனிக் குறியீடும் உண்டு. பழைய கார்களின் நிலை வேறு. டெக்ஸ்ரான்-3க்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006உடன் நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு, அந்தக் குறியீட்டைப் பெயர் சொல்லி ஏற்கும் நல்ல நிறுவனத்தின் ஆயில்தான் வழி. நடுவழியில் ஆயில் ஒழுகினால், கிடைத்ததை ஊற்றி ஒர்க்‌ஷாப்வரை கொண்டுபோவதும் புரிந்துகொள்ளக்கூடியதே. அதற்குப் பிறகு சரியான ஆயிலை மாற்றியாக வேண்டும்.

இந்தப் பாரத்தை முழுக்க மெக்கானிக்கின் தலையிலும் உரிமையாளரின் தலையிலும் ஏற்றுவது நியாயம் ஆகாது. சிற்றூர் மெக்கானிக்குக்குத் தகவல் போய்ச் சேராததுதான் குறை. அவர் கைத்திறனில் குறை இல்லை. இதைத் தீர்க்கும் வழிக்கு முன்மாதிரி இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டுமே அனுமதி என்று தீர்ப்பளித்த பிறகு, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி, கலவைகளை வகுத்துக் கொடுத்தது. அதன்படி செய்து, சோதனையில் தேறி, சான்று பெற்றால் எந்த ஆலையும் பசுமைப் பட்டாசு தயாரிக்கலாம். வகுத்தவர் ஒருவர், தயாரிப்பாளர்கள் பலர், சான்று பொதுவானது. அதில் குறைபாடுகளும் மனக்குறைகளும் இருக்கலாம். ஆனால் முறை சரியானது. கியர் பாக்ஸ் ஆயிலுக்கும் இதுவே வேண்டும். ஜப்பானில் பல நிறுவனங்களின் தேவையைச் சேர்த்து ஜாசோ 1-ஏ என்ற பொதுத் தரத்தை வகுத்திருக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு கார் நிறுவனமும் தன் பெட்டிக்கான ஆயிலின் உராய்வு, பாகுத்தன்மை அளவுகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற வெளி ஆயில்களின் பட்டியலை வெளியிட வேண்டும். குறியீட்டைப் பெட்டியின் மீதும் தமிழிலான கையேட்டிலும் அச்சிட வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியபோது, அதன் நான்கு துறைகளில் ஒன்றாக மோட்டார் வாகனத்தையும் சேர்த்தது. அந்தத் தளத்தில் இந்தப் பட்டியலையும் இடம்பெறச் செய்வது அரசுக்குப் பெரிய வேலை இல்லை.

அந்த நாள் வரும்வரை உரிமையாளர் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் உங்கள் பெட்டி ஏ.எம்.டி.யா, டார்க் கன்வெர்ட்டரா, சி.வி.டி.யா, இரட்டைக் கிளட்சா என்று தெரிந்துகொள்ளுங்கள். கையேட்டில் அதற்கான ஆயில் குறியீட்டைத் தேடி ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். டின்னின் பின்பக்கத்தில் அதே குறியீடு, அதே எண்ணுடன் இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். கம்பெனிப் பெயர் ஒட்டிய டின்னிலும் போலி உண்டு என்பதால், ரசீதோடு வாங்கி, சீலை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள். ‘வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லாத ஆயில்’ என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பல கார் நிறுவனங்களுக்குத் தானியங்கிப் பெட்டி செய்துதரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. மெக்கானிக் அண்ணாச்சி பொது ஆயிலை எடுத்து வைத்தால், சண்டை போட வேண்டாம். குறியீடு எழுதிய தாளைக் காட்டி, ‘இந்த நம்பர் உள்ளதுதான் வேண்டும்’ என்று சொல்லுங்கள். பத்துப் பேர் அப்படிக் கேட்டால், அடுத்த மாதம் அந்தக் கடை அலமாரியில் அந்த ஆயில் இருக்கும்.